பனிப்பந்தும் ரயில் அட்டவணையும்: வகுப்பில் ஆங்கிலம் பேசவைத்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்குப் பிறகு வந்த குரல் பதிவுகளில் ஒன்று, அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் அனுப்பியது. கேள்வி நேரடியானது. "சார், என் வகுப்புல நாற்பது பேர். இங்கிலீஷ் பாடத்தைப் படிக்கிறாங்க, கேள்வி பதில் எழுதறாங்க. எழுந்து ரெண்டு வாக்கியம் பேசச் சொன்னா தலையைக் குனிஞ்சுக்கறாங்க. பேசவைக்கிற மாதிரி ஏதாவது ஆக்டிவிட்டி இருந்தா சொல்லுங்க."

ஆக்டிவிட்டி பட்டியல் வேண்டுமென்றால் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நான் வரலாறு பேசுகிறவன். அதனால் டீச்சருடைய கேள்வியை வரலாற்றிடம் கொண்டுபோகிறேன். அவர் கேட்டதை அவருக்கு முன்னால் நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சியில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிற பதில்களில் ஒன்று, சென்னையிலும் கடலூரிலும் பெங்களூரிலும் இருந்த சாதாரணப் பள்ளி வகுப்புகளில் கண்டெடுக்கப்பட்டது. நம் ஊரில் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இன்றைக்கு அந்தக் கதை.

ராகம் போட்டுச் சொல்வது

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம். நம் பழைய பள்ளிக்கூடம் ஊமைப் பள்ளிக்கூடமாக இருந்ததில்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் என்றாலே சத்தம்தான். சட்டாம்பிள்ளை ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்ல, எண்சுவடி தெருமுனை வரைக்கும் கேட்கும். மனப்பாடம் என்பது வாயால் செய்த வேலை.

சென்னையில் எழும்பூர் ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பில் 1789-இல் சேர்ந்தவர் ஆண்ட்ரூ பெல். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அந்த வழக்கத்தைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். ஒரு மாணவன் இன்னொரு மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அங்கே நடத்தினார். 1797-இல் அதைப் பற்றி அவர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஊரில் பார்த்தது கடல் தாண்டிப் போய் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருவது, இன்றைய கதையில் இன்னொரு தடவையும் நடக்கப் போகிறது.

ஆங்கிலம் பாடமாக வந்தபோது இந்தச் சத்தம் என்ன ஆனது? 1835-இல் மெக்காலேயின் குறிப்பு வந்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதோடு மெட்ரிகுலேஷன் தேர்வும் வந்தது. உத்தியோகத்துக்குப் போக எழுத்துத் தேர்வில் தேற வேண்டும். தேர்வில் கேட்பது இலக்கணம், மொழிபெயர்ப்பு, பாடநூலுக்கு விளக்கம். பேச்சுக்கு மார்க் இல்லை. ஆங்கிலத்தை எழுதுகிற பாடமாக நாம் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

சரண்டர் வேல்யூ

1920-களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர் மைக்கேல் வெஸ்ட் என்கிற ஆங்கிலேயர். வங்காளத்துப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு 1926-இல் இருமொழிக் கல்வி பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அதில் அவர் எழுப்பிய கேள்வி என்னை இன்றும் உலுக்குகிறது.

எல்.ஐ.சி. பாலிசியில் சரண்டர் வேல்யூ என்று ஒன்று உண்டு, தெரியும் இல்லையா? முழுக்காலமும் கட்ட முடியாமல் நடுவிலே நிறுத்தினால் கைக்கு என்ன வரும் என்கிற கணக்கு. வெஸ்ட் அந்த வார்த்தையைத்தான் எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தினார். பள்ளியில் சேர்கிற பிள்ளைகளில் பாதிக்குமேல் படிப்பை முடிப்பதில்லை. நடுவில் நிற்கிற பிள்ளை இதுவரை செலவழித்த வருஷங்களுக்கு, கையில் எதை எடுத்துக்கொண்டு போகிறது? பத்து வருஷம் படித்தால்தான் பலன் தரும் பாடத்திட்டம் என்றால், மூன்று வருஷத்தில் நின்றுவிடும் பிள்ளைக்கு அது வெறும் நஷ்டம்.

கேள்வி அபாரமானது. வெஸ்ட் சொன்ன பதில்: முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுங்கள், பேச்சு பிறகு வரட்டும். வாசிப்பைத் தனியாகவே வளர்த்துக்கொள்ளலாம், ஒரு புத்தகம் போதும். பேச்சுக்கு நன்றாகப் பேசுகிற ஆசிரியர் வேண்டும், எதிரே ஒரு ஆள் வேண்டும். வங்காளத்துக் கிராமத்துப் பையனுக்கு அன்றைக்கு ஆங்கிலத்தில் பேச யார் இருந்தார்கள்? எளிய சொற்களால் எழுதிய அவருடைய வாசிப்பு நூல்கள் உலகம் முழுக்கப் போயின.

1960-இல் வெஸ்ட் இன்னொரு சின்னப் புத்தகம் எழுதினார். கடினமான சூழலில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றியது. கடினமான சூழல் என்று அவர் எதைச் சொல்கிறார் பாருங்கள்: முப்பதுக்கு மேல், பல இடங்களில் நாற்பது ஐம்பது பிள்ளைகள், பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு தரம், ஆசிரியருக்கே ஆங்கிலம் சரளமாக வராமல் இருக்கலாம், வெயில் வேறு. கேள்வி அனுப்பிய டீச்சர் இதைக் கேட்டால், 'என் வகுப்பைத்தான் சொல்றார்' என்பார்.

"ஐ ஆம் வாக்கிங் டு த டோர்"

வெஸ்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றவர் ஹெரால்ட் பாமர். இவரும் ஆங்கிலேயர்தான். 1921-இல் வாய்மொழி முறை பற்றிப் புத்தகம் எழுதி, 1922-இல் ஜப்பானுக்குப் போனவர். மொழி முதலில் காதுக்கும் வாய்க்கும் உரியது, எழுத்து அப்புறம் என்பது அவர் கட்சி. 'எழுந்திரு, கதவருகே போ, கதவைத் திற' என்று கட்டளையிட்டு, பிள்ளை செய்கிறபோதே 'என்ன செய்கிறாய்?' என்று கேட்டுப் பதில் வாங்குவது அவருடைய புகழ்பெற்ற பயிற்சிகளில் ஒன்று.

இந்த வழியில் வந்ததுதான், சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் பரவிய ஸ்ட்ரக்சுரல் முறை. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் செய்து காட்டி, வகுப்பே சேர்ந்து சொல்லும்வரை பயிற்சி கொடுப்பது. ஆசிரியர் கதவை நோக்கி நடப்பார். "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்பார். நாற்பது பிள்ளைகளும் "யூ ஆர் வாக்கிங் டு த டோர்" என்பார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர் நடப்பது நாற்பது பேருக்கும் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. வீட்டில் அம்மா அடுப்படிக்குப் போகும்போது, 'நான் அடுப்படிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்' என்று அறிவித்துக்கொண்டா போகிறார்? எல்லாருக்கும் தெரிந்ததை எல்லாரும் சேர்ந்து சொல்வதற்குப் பேச்சு என்று பெயரில்லை. எண்சுவடியில் நாம் செய்ததும் அதுதான், ஆனால் அங்கே நோக்கம் மனப்பாடம், அதனால் பொருந்தியது.

அந்த ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலக்கண விதியை ஒப்பித்து, வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கொடுத்த வகுப்போடு ஒப்பிட்டால், பிள்ளையின் வாயில் ஆங்கில வாக்கியம் ஒன்று முழுசாக வந்ததே பெரிய விஷயம்.

பனி பெய்யாத ஊரில் பனிப்பந்து

1950-களின் கடைசி. காமராஜர் முதல்வர். 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தாயிற்று. புதிய பள்ளிகள் திறக்கின்றன. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உள்ளே வருகிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தின் முதல் பாடம் எடுக்கிற ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி கொடுக்க வேண்டும். எத்தனை பேருக்கு? 27,000 பேருக்கு.

அதற்கு ஒரு வழி பிடித்தார்கள். ஒரு சிறு குழுவுக்கு நன்றாகப் பயிற்சி கொடுப்பது, அவர்கள் ஒவ்வொருவரும் இன்னொரு குழுவுக்குக் கொடுப்பது, அந்தக் குழு அடுத்த குழுவுக்கு. மலைச்சரிவில் உருளும் பனிப்பந்து பெருத்துக்கொண்டே போவதுபோல. ஆங்கிலக் கற்பித்தல் வரலாற்றில் இதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்றே பெயர். 1962-இல் இங்கிலாந்தில் வந்த ஓர் இதழ்க் கட்டுரைக்குத் தலைப்பே இதுதான். பனியைக் கண்ணால் பார்க்காத ஊருக்கு இப்படியொரு பெயர்!

இத்தனை பெரிய அளவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர முயன்றது துணிச்சலான வேலை. ஆனால் பனிப்பந்து உருளும்போது எது ஒட்டிக்கொள்ளும், எது உதிரும்? இது என் வாசிப்பு, மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்: கை மாறிக் கை மாறிப் போகும்போது ஒரு முறையின் வெளித்தோற்றம் தப்பித்துவிடும், அதன் காரணம் உதிர்ந்துவிடும். 'சேர்ந்து சொல்லவைக்க வேண்டும்' என்பது கடைசிப் பள்ளி வரைக்கும் போய்ச் சேரும். எதற்காக, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது வழியிலேயே கழன்றுவிடும். கோரஸ் நமக்குப் புதிதும் இல்லையே. சட்டாம்பிள்ளை இடத்தில் ஆசிரியர் நின்றார், ஆத்திசூடி இடத்தில் "திஸ் இஸ் எ பென்சில்" வந்தது.

பிரபு கேட்ட கேள்வி

இருபது வருஷம் கழித்து இந்த முறையின் பலனை உட்கார்ந்து யோசித்தவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலப் பணியில் இருந்தவர். அவரும் தென்னிந்திய ஆசிரியப் பயிற்சியாளர்கள் பலரும் கண்ட குறை இது: வகுப்பில் பயிற்சியின்போது சரியாகச் சொல்கிற பிள்ளை, வகுப்புக்கு வெளியே அதே வாக்கியத்தைத் தப்பாகச் சொல்கிறது, அல்லது சொல்வதே இல்லை. இதற்குத் தீர்வாக இன்னும் கொஞ்சம் அதிகப் பயிற்சி கொடுக்கலாம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். பிரபு வேறு பக்கமாக யோசித்தார். பிள்ளையின் மனசு வாக்கியத்தின்மேல் இருப்பதுதான் பிரச்சினையோ? மனசு ஒரு விஷயத்தின்மேல் இருந்தால், மொழி தன்னால் உள்ளே போகுமோ?

1979-இல் இதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். பெங்களூரில் இருந்த மண்டல ஆங்கில நிறுவனமும் சேர்ந்துகொண்டது. பெங்களூர், சென்னை, கடலூர். இந்த ஊர்ப் பள்ளிகளில் சில வகுப்புகள். 1984 வரை நடந்தது. உலகம் இதை 'பெங்களூர் புராஜெக்ட்' என்று சொல்கிறது. கடலூர் பெயர் தலைப்பில் விட்டுப்போனதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.

அந்த வகுப்புகளில் இலக்கண அட்டவணை கிடையாது, கோரஸ் பயிற்சி கிடையாது. தினமும் ஒரு வேலை. ரயில் கால அட்டவணை ஒன்றைக் கொடுத்து, இன்ன நேரத்துக்குள் இன்ன ஊருக்குப் போக எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது, சொல்வதைக் கேட்டுப் படம் வரைவது, இப்படியும் இருக்கும். முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு கணக்கை வாய்விட்டுப் போட்டுக்காட்டுவார், கேள்வி கேட்டுக் கேட்டு. பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியாகச் செய்வார்கள்.

வேலைகளை அவர்கள் மூன்று வகையாகப் பிரித்தார்கள். என்னிடம் உள்ள தகவல் உங்களிடம் இல்லை, அதைக் கேட்டு வாங்குவது ஒன்று. உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்வது இரண்டாவது. இருக்கிற தகவலிலிருந்து இல்லாத ஒன்றை யோசித்துக் கண்டுபிடிப்பது மூன்றாவது. மூன்றாவதுதான் வகுப்பில் சிறப்பாக வேலை செய்தது. முதல் வகை ஒரே கேள்வியில் முடிந்துவிடும். கருத்துச் சொல்லச் சொன்னால் கூச்சமுள்ள பிள்ளை எது சரி என்று தெரியாமல் திணறும். யோசித்துக் கண்டுபிடிக்கும் வேலையில் பிடித்துக்கொள்ளத் தகவல் இருக்கிறது, நிரூபிக்கக் காரணம் இருக்கிறது, 'இல்ல சார், அந்த வண்டி நிக்காது' என்று ஆசிரியரோடு வாதாடவும் இடம் இருக்கிறது.

இங்கே பலருக்கு ஆச்சரியம் தரும் மூன்று விஷயங்கள் உண்டு.

ஒன்று, அந்த வகுப்புகளில் குழு வேலை வைக்கவில்லை. இன்றைக்கு ஸ்பீக்கிங் ஆக்டிவிட்டி என்றாலே 'நாலு நாலு பேரா உட்காருங்க' என்றுதான் தொடங்குகிறோம். பிரபு வேண்டுமென்றே அதைத் தவிர்த்தார். ஆரம்ப நிலைப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டால், ஒருவர் பிழை மற்றவருக்கு இறுகிப்போகும், நல்ல ஆங்கிலம் காதில் விழ ஆசிரியரின் பேச்சு வேண்டும் என்பது அவர் வாதம்.

இரண்டு, பேசு பேசு என்று யாரையும் நெருக்கவில்லை. ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளை "ஃபைவ் தர்ட்டி" என்றால், ஆசிரியர் "யெஸ், இட் லீவ்ஸ் அட் ஃபைவ் தர்ட்டி" என்று முழு வாக்கியமாக்கிச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். கேட்டது உள்ளே சேர்ந்து, பேச்சு தன் நேரத்தில் வரும் என்று காத்திருந்தார்கள்.

மூன்று, வேலையின் கஷ்டத்தை அளக்க ஒரு எளிய கோல் வைத்திருந்தார்கள். வகுப்பில் பாதிப் பேராவது, வேலையில் பாதியையாவது சரியாகச் செய்தால் அந்த வேலை சரியான அளவு. அதற்கும் குறைந்தால் அடுத்த நாள் கொஞ்சம் எளிதாக்க வேண்டும்.

வாய் திறக்காத தேர்வு

பலன் என்ன? 1984-இல் ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் வெளியிலிருந்து வந்து மதிப்பீடு செய்து, அடுத்த வருஷம் முடிவை வெளியிட்டார்கள். நான்கு பள்ளிகளில் திட்ட வகுப்பையும் வழக்கமான வகுப்பையும் ஒப்பிட்டார்கள். வாக்கிய அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்புகள் முன்னால் நின்றன. வேலை சார்ந்த தேர்வில் திட்ட வகுப்புகள் முன்னால் நின்றன. இரு தரப்புக்கும் பொதுவான தேர்வுகளில் மொத்தத்தில் திட்ட வகுப்புகளின் கை கொஞ்சம் ஓங்கியிருந்தது. பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, ஆசிரியர்களும் வேறு வேறு. அதனால் மதிப்பீட்டாளர்களே முடிவை அடக்கமாகத்தான் சொன்னார்கள்.

என்னைத் தொட்டது வேறொன்று. வாக்கிய அமைப்பு, சூழலில் இலக்கணம், சொல்வதை எழுதுதல், கேட்டும் படித்தும் புரிந்துகொள்ளுதல், வேலை சார்ந்த தேர்வு. இந்த ஐந்தில் ஒன்றில்கூட பிள்ளை வாய் திறந்து பேச வேண்டியதில்லை. வாய்வழியாகவே பெரும்பாலும் நடந்த ஒரு கல்வியை அளக்க வந்தபோதும் கையில் இருந்தது தாளும் பேனாவும்தான். 1857-இல் தொடங்கிய பார்வை எவ்வளவு ஆழமானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பெரெட்டா பிறகு தனியாக ஆராய்ந்தபோது, திட்டத்தில் கற்பித்த வழக்கமான பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த முறை எளிதில் கைவரவில்லை என்று கண்டார். பயிற்சியாளர்களாக வந்தவர்கள் சமாளித்தார்கள். ஒரு கேள்விக்குப் பிள்ளை எதிர்பாராத பதில் சொல்லும்போது, அந்த இடத்திலேயே ஆங்கிலத்தில் தொடர வேண்டும். அந்தத் தைரியத்தை ஆசிரியருக்கு யார் கொடுத்தார்கள்? ஆகவே குறை ஆசிரியரிடம் என்று இதைப் படிக்கக் கூடாது.

1984-இல் திட்டம் முடிந்தது. நம் பள்ளிகளில் அது பரவவில்லை. 1987-இல் பிரபுவின் புத்தகம் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. அவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 'டாஸ்க்' வழிக் கற்பித்தல் என்று இன்று உலகம் சொல்வதற்கு முதல் பெரிய முயற்சியாக இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். இப்போது நம் ஆசிரியர்களுக்கு நடக்கிற பயிற்சி முகாமில், 'வெளிநாட்டில் வந்த புது முறை' என்று இன்ஃபர்மேஷன் கேப் ஆக்டிவிட்டி சொல்லிக்கொடுக்கிறார்கள். பெல் கதைதான், மறுபடியும்.

பிரபு 1990-இல் எழுதிய ஒரு கட்டுரை, எல்லாருக்கும் பொருந்துகிற சிறந்த முறை என்று ஒன்று ஏன் இருக்க முடியாது என்று கேட்கிறது. தன் முறையைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டிய மனிதர் சொன்னது இது: ஒரு வகுப்பு உயிரோடு இருப்பதற்கு, தான் செய்வது எப்படி வேலை செய்கிறது என்று ஆசிரியருக்கே ஓர் உள்நம்பிக்கை இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த முறையும் வெறும் சடங்காகிவிடும். பனிப்பந்தில் உதிர்ந்துபோனது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில வருஷங்களில் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்த செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். பெஞ்ச் போய்ப் பாய் வந்தது, பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது, அட்டைகள் வந்தன. வகுப்பறையின் முகமே மாறியது. ஆனால் ஓர் அட்டையை ஒரு பிள்ளை சத்தமில்லாமல் தனியாகவே முடித்துவிட முடியும். பேச்சுக்கு எதிராளி வேண்டும், அவரிடம் கேட்டே ஆக வேண்டிய விஷயம் ஒன்று வேண்டும். அறை மாறினால் மட்டும் அது வந்துவிடாது.

சரி டீச்சர், நாளைக்கு என்ன செய்யலாம்?

ஜெராக்ஸ் வேண்டாம். கரும்பலகை போதும். இரண்டு பேருந்துகளை எழுதுங்கள். பேருந்து ஒன்று: கடலூர் 6.00, புதுச்சேரி 6.45, திண்டிவனம் 8.00, சென்னை 10.30. பேருந்து இரண்டு: கடலூர் 7.00, புதுச்சேரி 7.40, சென்னை 10.45. நேரமெல்லாம் நான் கற்பனையாகப் போட்டது, உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செல்வி என்கிற பெண்ணுக்குச் சென்னையில் 11.30-க்கு நேர்காணல். பேருந்து நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு அரை மணி.

முதலில் எளிய கேள்விகள், ஆங்கிலத்தில். பேருந்து இரண்டு எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? அதில் போனால் அலுவலகத்துக்கு எப்போது போய்ச் சேருவாள்? "லெவன் ஃபிஃப்டீன்" என்று யாராவது சொல்வார்கள். "யெஸ், ஷி வில் ரீச் அட் லெவன் ஃபிஃப்டீன்" என்று நீங்கள் முழுசாக்குங்கள். இப்போது முடிச்சுப் போடுங்கள்: இரண்டாவது பேருந்து இருபது நிமிஷம் தாமதமானால்? வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்குப் பயப்படாதீர்கள், அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். "லேட்! லெவன் தர்ட்டி ஃபைவ்!" என்று ஒரு குரல் வரும். முதல் பேருந்தும் அதே இருபது நிமிஷம் தாமதமானால்? 11.20. தப்பித்துவிடுவாள். அப்படியானால் அவள் எதில் போக வேண்டும், ஏன்? அந்த 'ஏன்'-க்கு வருகிற பதில், உடைந்த ஆங்கிலமாக இருந்தாலும், அந்தப் பிள்ளை தானாகச் சொன்னது. நடுவில் தமிழில் யோசித்தால் யோசிக்கட்டும்.

எந்த ஆக்டிவிட்டி கையில் கிடைத்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதன் பதில் வகுப்பில் யாருக்காவது இன்னும் தெரியாமல் இருக்கிறதா? பதில் கிடைத்தால் அதை வைத்து அடுத்து ஏதாவது செய்ய முடியுமா? பாதிப் பேர் பாதியையாவது முடிப்பார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவாகச் செய்வதா, வகுப்பாகச் செய்வதா என்பதை உங்கள் வகுப்பைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். பிரபுவின் காரணம் ஆரம்ப நிலைப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். எட்டாம் வகுப்பில் நன்றாகத் தேறியவர்களை ஜோடியாக விட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

வெஸ்ட் கேட்ட சரண்டர் வேல்யூ கேள்வியை ஒதுக்கிவிட முடியவில்லை. அவர் காலத்தில் நடுவில் நிற்கிற பிள்ளைக்கு வாசிப்புதான் கையில் மிஞ்சும் என்று கணக்குப் போட்டார். அன்றைக்கு அது சரியாகக்கூட இருந்திருக்கலாம். இன்றைக்குப் பத்தாம் வகுப்போடு நிற்கிற ஒரு பெண் கடை கவுண்டரில், ஆஸ்பத்திரி வரவேற்பில், கஸ்டமர் கேர் நாற்காலியில், வேறு மாநிலத்து ஆளோடு வேலை செய்கிற இடத்தில் நிற்கிறாள். அங்கே முதல் நிமிஷத்தில் அவளிடம் கேட்கப்படுவது பேச்சு. பத்து வருஷம் ஆங்கிலப் பாடத்தில் உட்கார்ந்த பிள்ளை அந்த ஒரு நிமிஷத்தில் தலைகுனிந்தால், நாம் அவளிடம் கட்டவைத்த பிரீமியம் எல்லாம் எங்கே போனது? ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அதனால்தான் அரசுப் பள்ளியின் அந்த நாற்பது நிமிஷம் இவ்வளவு முக்கியம்.

டீச்சர், பேருந்துக் கணக்கை வகுப்பில் போட்டுப் பார்த்தால் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். சரியாக வராவிட்டால் எந்த இடத்தில் நின்றது என்று சொல்லுங்கள், அதுதான் மற்ற ஆசிரியர்களுக்கு அதிகம் உதவும். அனுமதி கொடுத்தால் அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் அதை ஒலிக்கவிட்டு, அதிலிருந்தே பேசுகிறேன்.